ஆயாவின் கஞ்சியும் ஒரு பொம்மைப் பிள்ளையும்

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. கடலூரில் ஒரு சின்ன ஆபீசில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். படித்தது, டாக்டர்களிடம் கேட்டது, வீட்டில் நடந்தது மூன்றையும் வைத்து எழுதுகிறேன். இதைப் பார்த்து யாரும் வீட்டிலேயே வைத்தியம் ஆரம்பித்துவிடாதீர்கள். டாக்டர் நண்பர்கள் யாராவது படித்தால், தப்பு இருக்கிற இடத்தில் தலையில் குட்டவும். வாங்கிக்கறேன் :-)

போன மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போயிருந்தேன். தங்கச்சி வீட்டில் தங்கல். கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பா மகள். விடியக்காலை கோயில் பாட்டு கேட்டு எழுந்திரிக்கலாம்னு படுத்தா, மூணு மணிக்கே அலாரம் அடிக்குது. கூடத்தில் படுத்திருந்த சித்தப்பா எழுந்து போய் தங்கச்சியை எழுப்பினார். அவள் அடுக்களையில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணியில் வெள்ளை மாவு ஒன்றை அளந்து போட்டுக் கலக்கினாள். தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயசுப் பொண்ணை (எனக்கு மருமக முறை) தூக்கி உட்கார வைத்து, அரைத்தூக்கத்திலேயே குடிக்க வைத்தாள். அதுவும் பழகின பிள்ளை மாதிரி மடமடன்னு குடிச்சிட்டுத் திரும்பப் படுத்துக்கிச்சு.

"என்னம்மா அது, கஞ்சியா? கொஞ்சம் சூடு பண்ணிக் குடுக்கக் கூடாதா, இந்தக் குளிர்ல?"

"கான்ஃப்ளவர் மாவுண்ணா. சூடு பண்ணா வேலை செய்யாது. இதுதான் இவளுக்கு மருந்து."

மறுநாள் திருவாதிரைக் களி. எல்லாருக்கும் இலையில் வந்தது, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கிடையாது. வெல்லம் ஆகாதாம். கூட்டும் சோறும் சாப்பிட்டுவிட்டு சமர்த்தாக எழுந்துபோனது. பிள்ளைக்கு "ஈரல்ல ஏதோ கோளாறு" என்று மட்டும் எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு 1986 ஞாபகம் வந்துவிட்டது. கொசுவத்தி சுத்த வேண்டியதுதான்.

புவனகிரி, 1986

தங்கச்சி பிறக்கிறதுக்கு முன்னாடி சித்தப்பாவுக்கு ஒரு பையன் இருந்தான். நாங்க எல்லாரும் புவனகிரியில் ஒரே வீட்டில் இருந்த காலம். எனக்குப் பத்து வயசு. அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தெருவே அவனை "பொம்மை"ன்னுதான் கூப்பிடும். ரெண்டு கன்னமும் உப்பி, சின்ன வாய், கொலுவில் வைக்கிற பொம்மை மாதிரியே முகம். கை கால் மட்டும் குச்சி. வயிறு பானை. ரெண்டரை வயசில் ஒன்றரை வயசுப் பிள்ளை உயரம்தான் இருந்தான்.

அவனுக்கு இன்னொரு பட்டமும் உண்டு, "ராப்பசிக்காரன்". ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை அழுவான். ஆயா (அப்பாவோட அம்மா) மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊட்டுவாள். என்றைக்காவது அவள் அசந்து தூங்கிட்டா, விடியக்காலையில் பையன் உடம்பு சில்லிட்டு வேர்த்துக் கிடப்பான். கண்ணு மேல சொருகும். ஆயா வெல்லத் தண்ணியை ஒரு கரண்டி வாயில் விட்டதும் கொஞ்ச நேரத்தில் முழிச்சிக்குவான். அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். ஓடி விளையாடாமலேயே மூச்சு வாங்கும்.

வயிறு பெருசா இருந்ததால் எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை: "ஈரல் கட்டி." ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். (யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.) கண்ட நேரத்தில் ஊட்டி ஊட்டித்தான் ஈரல் வீங்குது, பத்தியம் இருக்கணும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணி தவிர எதுவும் கூடாது என்றார். ஆயா ரெண்டு மூணு நாள் யாருக்கும் தெரியாமல் கஞ்சி காய்ச்சினாள். சித்தப்பா பார்த்துவிட்டார். பெரிய சண்டை. "நீயே என் பிள்ளையைக் கொன்னுடுவ போலிருக்கே"ன்னு கத்தினது எனக்கு இன்னும் காதில் இருக்கு. அதோடு ராத்திரிக் கஞ்சி நின்றது.

அதே வாரம் பையனுக்குச் சாதாரண ஜுரம். சாயங்காலம் ஒன்றும் சாப்பிடவில்லை. விடியக்காலை வலிப்பு. டாக்சி பிடித்துச் சிதம்பரம் கிளம்பினார்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? "கிழவி திருட்டுத்தனமா ஊட்டினாளாம், அதான்." ஆயா எதுவும் பதில் சொல்லலை. அதுக்கப்புறம் 13 வருஷம் இருந்தாள். அந்த 13 வருஷத்தில் அவள் கையால் கஞ்சி காய்ச்சி நான் பார்த்ததில்லை. ஜுரம் வந்தால்கூட கஞ்சி குடிக்க மாட்டாள்.

எல்லா வயிற்றுக்கும் ஒரே பெயர்

அந்த வைத்தியரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. "ஈரல் கட்டி" என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கு.

நம் நாட்டுக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொன்ற ஈரல் நோய் ஒன்று உண்டு. இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். 1880களிலேயே கல்கத்தாவில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மூன்று வயசுக்குள் வரும். ஈரல் கல் மாதிரி இறுகும், ஓரம் கூர்மையாகக் கைக்குத் தட்டுப்படும், பிறகு மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், சில மாதங்களில் முடிவு. ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகள் போனதும் உண்டு. சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யா பெயரில் வந்த லிவர் க்யூரைப் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு மருந்து வீட்டுக்கு வீடு பேர் தெரிகிற அளவுக்கு இந்தப் பயம் ஊரெல்லாம் இருந்தது.

காரணம் என்ன? 1983இல் புனே டாக்டர்களும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டேனரும் சேர்ந்து லான்செட் இதழில் எழுதினார்கள். ஈரலில் குவிந்த செம்பு. ஈயம் தேய்ந்துபோன பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலில் இருந்து அது வருகிறது என்றார்கள். தெருவில் "ஈயம் பூசறதூ"ன்னு கூவிக்கொண்டு வந்தவர் ஞாபகம் இருக்கா? அவர் செய்தது வெறும் பளபளப்பு வேலை இல்லை. அப்புறம் எவர்சில்வர் வந்தது. 1990களில் அந்த நோய் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது.

ஆனால் ஒரு சிக்கல். ஊரெல்லாம் ஒரே நோயால் வயிறு வீங்கிக் கிடக்கும்போது, வேறொரு காரணத்தால் வீங்கின வயிற்றை யார் தனியாகப் பார்ப்பார்கள்? லட்சம் பிறப்புக்கு ஒன்று என்று கணக்குச் சொல்லப்படுகிற நோய், ஆயிரக்கணக்கில் இருந்த நோயின் பேரிலேயே கணக்கில் ஏறிவிட்டது. எங்க வீட்டுப் பொம்மைக்கு நடந்தது அதுதான்.

குதிரும் அதன் அடிவாயும்

அவனுக்கு இருந்தது என்ன? பாரிசில் ஆரம்பிக்கலாம்.

1855இல் க்ளோட் பெர்னார் ஒரு பரிசோதனை செய்தார். அப்போதுதான் எடுத்த ஈரல் ஒன்றின் ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, சர்க்கரை துளிகூட இல்லாதபடி கழுவினார். அப்படியே வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், ஈரலில் மறுபடியும் சர்க்கரை! அப்படியென்றால் ஈரல் எதையோ சேர்த்து வைத்து, அதிலிருந்து சர்க்கரையை உண்டாக்குகிறது. 1857இல் அந்தச் சேமிப்புப் பொருளையும் பிரித்து எடுத்தார். அதுதான் கிளைகோஜன்.

நம்ம வீட்டு நெல் குதிரை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் மேல்வாய் வழியாக நெல் போகும். பசிக்கும் நேரத்தில், முக்கியமாக ராத்திரி, அடிவாயைத் திறந்து எடுத்துக்கொள்வோம். மூளைக்கு 24 மணி நேரமும் சர்க்கரை வேண்டும். குதிர் இருப்பதால்தான் நாம் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை வரை தூங்குகிறோம்.

அடிவாய் பிறவியிலேயே அடைத்துக்கொண்டால்? கொட்டுகிறது எல்லாம் உள்ளே போகும், வெளியே ஒரு மணி வராது. குதிர் நாளுக்கு நாள் வீங்கும். வீட்டில் இருப்பவர்கள் பட்டினி. இதுதான் கிளைகோஜன் சேமிப்பு நோய். வெளியே பார்த்தால் பானை வயிறு, உள்ளே பசி. வயிற்றைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1929

1929 என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதே 1929இல் ஜெர்மனியில் எட்கர் வான் கியர்க்கே என்ற நோய்க்குறியியல் நிபுணர், இறந்துபோன ரெண்டு குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்ததை எழுதினார். ஈரலும் சிறுநீரகமும் பெரிசாகி, உள்ளே முழுக்கக் கிளைகோஜன். சாதாரணமாக உயிர் போன பிறகும் ஈரல் கிளைகோஜனைக் கரைத்துக்கொண்டே இருக்கும். (பெர்னாரின் மறுநாள் சர்க்கரை ஞாபகம் இருக்கில்ல?) இங்கே கரையாமல் அப்படியே இருந்தது. ருடால்ஃப் ஷோன்ஹைமர் என்ற வேதியியல்காரர் அதை எடுத்து, நோய் இல்லாத ஈரல் அரைத்த விழுதோடு கலந்தார். கரைந்துவிட்டது! அதாவது கிளைகோஜனில் கோளாறு இல்லை. அதை உடைக்கிற ஏதோ ஒன்று இந்தக் குழந்தைகளின் ஈரலில் இல்லை.

அதற்கு முந்தின வருஷமே, 1928இல், ஆம்ஸ்டர்டாமில் வான் கிரெவெல்ட் என்ற குழந்தை டாக்டர் உயிரோடு இருக்கிற பிள்ளையிடமே இதைக் கண்டிருந்தார். பெரிய ஈரல், தாழ்ந்த சர்க்கரை. அட்ரினலின் ஊசி போட்டால் ஈரல் சர்க்கரையை விட வேண்டும், ரத்தத்தில் ஏற வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஏறவில்லை. குதிரின் அடிவாயைத் தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இல்லாதது எது என்று கண்டுபிடிக்க இன்னும் 20 வருஷத்துக்கு மேல் ஆனது. 1952இல், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் கெர்ட்டி கோரியும் கணவர் கார்ல் கோரியும் கண்டுபிடித்தார்கள். கடைசிக் கதவைத் திறக்கிற குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் முதல் வகை நோயாளிகளின் ஈரலில் இல்லை. ஒரு பரம்பரை நோய்க்கு ஈரலில் இன்ன என்சைம் இல்லாததுதான் காரணம் என்று சுட்டிக்காட்டியது அதுதான் முதல் தடவை. ரெண்டு பேரும் 1947லேயே நோபல் வாங்கியவர்கள். மருத்துவ நோபல் வாங்கிய முதல் பெண் கெர்ட்டி. அவரும் அப்போது எலும்பு மஜ்ஜை நோயோடுதான் வேலை பார்த்தார். 1957இல் இறந்துபோனார்.

இதில் நம்ம மெட்ராஸுக்கும் ஒரு ஓரத்தில் இடம் உண்டு. அந்த என்சைம் வேலை செய்தால் பாஸ்பேட் ஒன்று கழன்று வரும். எவ்வளவு பாஸ்பேட் கழன்றது என்று அளந்தால், என்சைம் இருக்கா இல்லையா என்று தெரியும். பாஸ்பேட்டை அளக்க அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஆய்வகங்களில் புழங்கியது ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை. 1925இல் வந்தது. அந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர்ச் சட்டை போட்டதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார் என்பார்கள். பாஸ்டன் போனவர் திரும்பி வரவே இல்லை. 1948இல் அமெரிக்காவிலேயே காலமானார். ஆனால் அவர் பேர் சோதனைக்குழாயில் நின்றுவிட்டது.

கண்ணாலும் கையாலும் கண்டுபிடிப்பது

பெரிய லேப் எதுவும் வேண்டாம், பார்த்தும் தொட்டும் கேட்டுமே சந்தேகப்படலாம் என்று டாக்டர் நண்பர் ஒருவர் சொன்னார். நான் புரிந்துகொண்ட வரை:

1. கடிகாரம். குழந்தை எத்தனை மணி நேரம் பசி தாங்குகிறது? முதல் வகையில் மூணு நாலு மணி நேரம் தாண்டாது. பிறந்ததும் அடிக்கடி பால் குடிக்கிற வரை தெரியாது. மூணு மாசத்துக்கு மேல், பிள்ளை ராத்திரி தூங்க ஆரம்பிக்கும்போதுதான் வெளியே வரும். விடியக்காலை வியர்வை, சொருகும் கண், வலிப்பு.

2. ஈரல். பெரிசாக இருக்கும், ஆனால் வழவழப்பாக. செம்பு நோயில் இருக்கிற கல்லு மாதிரி இறுக்கமும் கூர்மையான ஓரமும் இல்லை. மஞ்சள் காமாலை இல்லை, வயிற்றில் நீர் இல்லை. முதல் வகையில் மண்ணீரல் பெரிதாகாது.

3. முகமும் உயரமும். உப்பின கன்னம், மெலிந்த கை கால், குட்டை. மருத்துவப் புத்தகங்களில் இந்த முகத்துக்கு இருக்கிற பெயர் "பொம்மை முகம்". இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. தெருப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்!

4. மூச்சு. வெளியே போக முடியாத சரக்கு வேறு வாய்க்காலில் திரும்பும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். அதை ஈடுகட்டப் பிள்ளை வேகமாக, ஆழமாக மூச்சு விடும்.

5. ரத்தம். மூக்கில் ரத்தம் வரும், லேசாக அடிபட்டாலும் கன்றிப்போகும். ரத்தத்தை எடுத்துக் குழாயில் வைத்தால், கொழுப்பு மிதந்து மேலே பால் மாதிரி நிற்கும். யூரிக் அமிலமும் ஏறும்.

இதே குடும்பத்தில் வேறு அடைப்புகளும் உண்டு. முதல் வகையிலேயே ஒரு கிளையில் வெள்ளணுக்கள் குறைந்து வாய்ப்புண்ணும் தொற்றும் மாறி மாறி வரும். மூன்றாவது வகையில் ஈரலோடு தசையும் பலவீனமாகும், ஆனால் லாக்டிக் அமிலம் பெரும்பாலும் ஏறாது. வளர வளர ஈரல் சுருங்குவதும் உண்டு. வான் கிரெவெல்ட் பார்த்தது இந்த வகை என்று பிற்பாடு தெரிந்தது. 1951இல் லண்டனில் மெக்ஆர்டில் எழுதிய வகையில் ஈரலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் வேலை செய்தாலே தசை வலித்துப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வகைக்கு பாம்பே... மன்னிக்கணும், பாம்பே நோய் :-). டச்சு டாக்டர் பாம்பே 1932இல் எழுதினது. துவண்டுபோன குழந்தை, பெரிய நாக்கு, மிகப் பெரிய இதயம். சர்க்கரை தாழாது. இந்த மனுஷர் இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் இருந்து, 1945 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் முடியச் சில வாரங்கள்தான் இருந்தன.

குழாய், பிறகு மாவு

பேர் தெரிந்தாலும் ரொம்ப நாள் வைத்தியம் தெரியவில்லை. குதிரைத் திறக்க முடியாது. சரி, குதிரே வேண்டாம், ராத்திரி முழுக்கச் சோறு போட்டுக்கொண்டே இருப்போம் என்று யோசித்தார்கள். 1976இல் அமெரிக்காவில், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு விடிய விடிய சொட்டுச் சொட்டாக உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் தேறினார்கள், வளர்ந்தார்கள்.

1984இல் இன்னும் எளிதான வழி. சென், கார்ன்பிளாத், சிட்பரி என்ற மூன்று பேர், வேகவைக்காத மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் போதும் என்று கண்டார்கள். பச்சை மாவு குடலில் மெதுவாக உடையும், மணிக்கணக்காகச் சர்க்கரை கசிந்துகொண்டே இருக்கும். சூடு பண்ணினால் மாவுமணி உடைந்து சீக்கிரம் ஜீரணமாகிவிடும். தங்கச்சி பச்சைத் தண்ணியில் கலக்கின ரகசியம் இதுதான். வெல்லம், சர்க்கரை, பழம், பால் எல்லாம் அளவோடு அல்லது கிடையவே கிடையாது. அதில் இருக்கிற இனிப்பில் ஒரு பாகம் அந்த மூடின கதவுக்குப் பின்னால்தான் போய்ச் சேரும், லாக்டிக் அமிலமாகத் திரும்பும். களி மறுக்கப்பட்ட காரணம் புரிகிறதா?

1984. எங்க பொம்மை போனது 1986. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985லேயே ஆரம்பித்தாச்சு (இன்றைக்கு அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி). அறிவு உலகத்தில் இருந்தது, கல்லூரி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. நாங்கதான் "ஈரல் கட்டி"ன்னு ஒரு வார்த்தையைச் சொல்லி, கேள்வியை மூடி வைத்துவிட்டோம்.

ஒரு போட்டோ

தங்கச்சி மகளுக்கு எட்டு மாசத்தில் வயிறு பெரிசானது. சிதம்பரத்தில் ஒரு இளவயசுக் குழந்தை டாக்டரம்மா. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அவங்க கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தனை தடவை பாலுக்கு எழுந்திரிக்கறா? எழுப்பாம விட்டா என்ன ஆகும்?" ரெண்டாவது கேள்வி: "சொந்தத்துல கல்யாணமா? வீட்டுல இதே மாதிரி குழந்தை யாராவது இருந்துச்சா?"

சித்தப்பா கட்டினது அக்கா மகளை. தங்கச்சி கட்டினது தாய்மாமனை. நம்ம பக்கத்தில் இது அதிசயமா என்ன! இந்த நோயின் பெரும்பாலான வகைகளில், அப்பா அம்மா ரெண்டு பேரிடமும் ஒரே பழுது ஒவ்வொன்று இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. மாமனும் மருமகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். பழுதும் சேர்ந்தேதான் பகிரப்படும். சொந்தத்தில் கட்டினவர்களை நான் குறை சொல்லலை, என் வீடே அப்படித்தான். ஆனா டாக்டர் கேட்டால் மறைக்காதீங்க.

சித்தி பெட்டியில் இருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தாங்களாம். பொம்மைக்குக் காது குத்தினப்போ ஸ்டூடியோவில் எடுத்தது. டாக்டரம்மா அந்தப் போட்டோவையும் மடியில் இருந்த பிள்ளையையும் மாத்தி மாத்திப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் இதேதான் இருந்திருக்கும்"னு சொல்லியிருக்காங்க. அப்புறம் புதுச்சேரி, சென்னைன்னு அலைச்சல். வெறும் வயிற்றில் சர்க்கரை, லாக்டிக் அமிலம், யூரிக் அமிலம், கொழுப்பு எல்லாமே அவங்க சந்தேகப்பட்ட பக்கமே வந்தது. அந்த என்சைமுக்கான மரபணுவை 1993இல் கண்டுபிடித்துவிட்டதால், இப்போது ஈரலில் ஊசி குத்தித் துண்டு எடுக்காமல் ரத்தத்திலேயே உறுதி செய்ய முடிகிறது. முதல் வகை. முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து பொம்மையின் சாவுக்கு ஒரு பேர் கிடைத்தது.

தங்கச்சி டாக்டரம்மாவிடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறாள். "எங்க ஆயா ராத்திரியெல்லாம் அவனுக்குக் கஞ்சி குடுத்தாங்களாம். அதனாலதான்னு எல்லாரும்..."

"அதனாலதான் அவன் ரெண்டரை வயசு வரைக்கும் இருந்திருக்கான்"னாங்களாம்.

யோசித்துப் பாருங்க. வெந்த அரிசிக் கஞ்சி சீக்கிரம் ஜீரணமாகும், அதனால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும். அதைத்தான் அவள் கொடுத்தாள். 1976இல் குழாய் வைத்துச் செய்ததை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி புவனகிரியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள். பிள்ளையின் வயிற்றை நாங்க பார்த்தோம். அவள் பிள்ளை எழுந்த நேரத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்விக்கு, எங்க வீட்டில் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளை யாரும் கேட்கலை.

ஆயா 1999லேயே போய்விட்டாள். அவளிடம் சொல்ல வழியில்லை. சித்தப்பாவிடம் தங்கச்சி சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லையாம். எழுந்து வெளியே போய்விட்டாராம். இப்போ அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மூணு மணி அலாரம் வைக்கிற வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பி.கு. 1: 2021இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இந்த நோய்களில் பலவும் அதன் பட்டியலில் உண்டு. சிகிச்சை உதவிக்கான சிறப்பு மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஒன்று. தெரிந்தவர்கள் வீட்டில் வயிறு பெருத்து, விடியக்காலையில் துவண்டுபோகிற பிள்ளை இருந்தால், பத்தியம் வைக்காமல் நேரே குழந்தை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். ஜுரமோ வாந்தியோ வந்து சாப்பிடாமல் இருந்தால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க வேண்டாம்.

பி.கு. 2: உங்க வீட்டிலும் பேர் இல்லாத நோயில் போன பிள்ளை ஒன்று இருக்கலாம். வீட்டுப் பெரியவங்க உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்துக் கேளுங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார்கள், எந்த நேரத்தில் அழும், எதைக் கொடுத்தால் அடங்கும் என்று. நான் கேட்கத் தவறியது அது.